முட்டையும் நீள்வட்டமும்: ஒரு கேள்வியின் கதை

1603 ஜூலையில் ப்ராக் நகரிலிருந்து யோஹன்னஸ் கெப்லர் தன் நண்பர் டேவிட் ஃபப்ரிசியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். செவ்வாயின் பாதை வட்டமல்ல என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. டைக்கோ பிராஹே விட்டுச்சென்ற அவதானிப்புகள் வட்டத்தை அனுமதிக்கவில்லை. அதன் இடத்தில் கெப்லர் வைத்திருந்தது ஒரு முட்டை வடிவம்: ஒரு முனை சற்றுப் பருத்தும் மறுமுனை சற்றுக் கூர்ந்தும் இருக்கும் வளையம். அதன் பரப்பைக் கணக்கிட அவருக்கு வழி இல்லை. இது மட்டும் ஒரு கச்சிதமான நீள்வட்டமாக இருந்திருந்தால் ஆர்க்கிமிடீஸும் அப்போலோனியஸும் எல்லாவற்றையும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்களே என்று அக்கடிதத்தில் அங்கலாய்க்கிறார். விடையைக் கையில் வைத்துக்கொண்டே விடை இல்லை என்று வருந்திய அந்த மனிதர், முட்டையின் கணக்கைச் சமாளிக்க ஒரு நீள்வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அந்தத் துணை வடிவம்தான் பாதை என்று தெளிய அவருக்கு 1605 வரை ஆயிற்று. 'புதிய வானியல்' 1609-இல் வெளிவந்தது.

செவ்வாயின் நீள்வட்டம் வட்டத்திலிருந்து விலகும் அளவு மிகச் சொற்பம். நெட்டச்சு 1,00,000 என்றால் குற்றச்சு அதைவிட ஏறத்தாழ 430 மட்டுமே குறைவு. தாளில் வரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. முட்டைக்கும் நீள்வட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் அந்த வகையானதுதான். கெப்லருக்குப் பிறகும் முட்டைகள் ஓயவில்லை. 1680-இல் கஸீனி கோள்பாதைகளுக்கென வேறொரு வளையத்தை முன்வைத்தார், இன்றும் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வானியல் அல்ல, அதற்கு அடியில் கிடக்கும் ஒரு வடிவியல் கேள்வி. ஒரு வளையத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொன்னால் போதும், அது நீள்வட்டமாகத்தான் இருந்தாக வேண்டும் என்று நாம் அடித்துச் சொல்ல? முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதற்கு ஒரு விடை வந்தது. அந்த விடைக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களும் வானியலாளர்களே என்பது தற்செயல்தான், ஆனால் ருசியான தற்செயல்.

*

முதலில் 'முட்டை' என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். (வடிவியல் என்றதும் பள்ளிக்கூட ஞாபகம் வந்து பக்கத்தைப் புரட்டப்போகும் நண்பர்கள் ஒரு நிமிடம் பொறுக்கவும். சூத்திரம் எதுவும் வரப்போவதில்லை.) இருபதாம் நூற்றாண்டின் வடிவியலாளர்கள் அதை இரண்டே நிபந்தனைகளால் கட்டினார்கள். ஒன்று, வளையத்தின் எந்த மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமையக் கூடாது. இரண்டு, வளையத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஒரு தொடுகோடு இருக்க வேண்டும். அதாவது அப்புள்ளியை மட்டும் தொட்டு, வேறெங்கும் வளையத்தைச் சந்திக்காமல் போகும் கோடு. அவ்வளவுதான். நீளம் இல்லை, கோணம் இல்லை, சமன்பாடு இல்லை. புள்ளி, கோடு, சந்திப்பு ஆகியவை மட்டுமே.

இந்த வறுமை வீழ்ப்பு வடிவியலின் இயல்பு. ஓவியர்களின் தூரக்காட்சி விதிகளிலிருந்து பிறந்த துறை அது. தண்டவாளங்கள் தொடுவானத்தில் சந்திப்பதுபோல இங்கே எல்லா இணைகோடுகளும் சந்திக்கின்றன. வட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டம், இன்னும் சாய்த்தால் பரவளையம், அதற்கப்பால் அதிபரவளையம். வீழ்ப்புத் தளத்தில் இவை அனைத்தும் ஒன்றே, கூம்பு வெட்டு என்ற ஒற்றைப் பெயர் போதும். 1639-இல் தேசார்க் இதை எழுதினார். அடுத்த ஆண்டில், பதினாறு வயதுப் பாஸ்கல், கூம்பு வெட்டுக்குள் வரையப்பட்ட அறுகோணத்தின் எதிர்ப்பக்கங்கள் சந்திக்கும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழும் என்று கண்டுகொண்டார். அளவுகோல் தொடாமல் சொல்லப்பட்ட அழகான வாக்கியங்களில் அது ஒன்று என்பேன்.

நாம் அன்றாடம் பழகிய மெய்யெண் தளத்தில், நம் இரண்டு நிபந்தனைகளும் நீள்வட்டத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. கோழி முட்டையின் நிழலே அதற்குச் சாட்சி. மூலையின்றி, தட்டையான பகுதியின்றிப் புடைத்திருக்கும் எந்த மூடிய வளைவும் தேறிவிடும். கெப்லரின் முட்டையும் அப்படியே. ஆக இங்கே விடை ஏமாற்றமானது: கேள்விக்கு வேலையே இல்லை.

ஆனால் தளம் என்பது ஒன்றல்ல.

*

1899-இல் ஹில்பர்ட் வடிவியலின் அடித்தளங்களைப் பற்றிய தன் நூலில், தேசார்க்கின் தேற்றம் செல்லாத ஒரு தளத்தைக் கட்டிக் காட்டினார். (அதற்கு அவர் துணைக்கொண்டது ஒரு நீள்வட்டத்தை என்பதை இக்கட்டுரையின் பொருட்டுக் குறித்துக்கொள்ளலாம்.) 1902-இல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் என்ற அமெரிக்கர் அதைவிட எளிய உதாரணம் ஒன்றைத் தந்தார். ஒரு திசையில் சாயும் கோடுகள் எல்லாம் ஒரு செங்குத்துக் கோட்டைக் கடக்கும்போது, ஒளி நீருக்குள் நுழைகையில் முறிவதைப்போல முறிந்து செல்லட்டும். மற்றவை நேராகவே போகட்டும். இந்த முறிந்த கோடுகளையே நேர்கோடுகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு புள்ளிகளுக்கு ஒரு கோடு, இரண்டு கோடுகளுக்கு ஒரு புள்ளி என்ற விதிகள் பழுதின்றி நடக்கின்றன. தேசார்க் மட்டும் விழுந்துவிடுகிறார். மோல்டனும் வானியலாளர்.

இதன் பின்னர் தளங்கள் பெருகின. முடிவிலாத் தளங்கள் ஒருபுறம். வெறும் சில புள்ளிகளே கொண்ட முடிவுறு தளங்கள் மறுபுறம். முடிவுறு தளத்தைக் கற்பனை செய்ய எண்களை ஒரு கடிகார முகப்பில் வைத்துக்கொண்டால் போதும். ஏழு எண்கள் மட்டுமே உள்ள கடிகாரம்: ஆறுக்குப் பின் பூஜ்யம். அந்த எண்களை ஆயங்களாகக் கொண்ட வீழ்ப்புத் தளத்தில் 57 புள்ளிகள், 57 கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் 8 புள்ளிகள். அங்கே ஒரு முட்டைக்கும் 8 புள்ளிகள்தான். எட்டுப் புள்ளிகளை 'வளையம்' என்பது சற்று அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமையாமையும், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தொடுகோடு என்பதும் அங்கே முழுப் பொருளோடு நிற்கின்றன.

இத்தகைய தளங்களை விளையாட்டென்று ஒதுக்கிவிட முடியாது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ராஜ் சந்திர போஸ், பரிசோதனைகளை எப்படித் திட்டமிடுவது என்ற நடைமுறைக் கேள்வியிலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பல காரணிகளை ஒரே சமயத்தில் சோதிக்கும்போது ஒன்றின் விளைவு மற்றொன்றின் விளைவோடு கலந்து குழம்பாமல் எத்தனை காரணிகளைச் சேர்க்கலாம் என்ற கணக்கு, மூன்று ஒரே கோட்டில் அமையாதபடி அதிகபட்சம் எத்தனை புள்ளிகளை வைக்கலாம் என்ற கேள்வியாக மாறுகிறது. 1947-இல் 'சங்க்யா' இதழில் அவர் விடை சொன்னார்: தளத்தின் வரிசை ஒற்றைப்படை எனில் வரிசையைவிட ஒன்று அதிகம், இரட்டைப்படை எனில் இரண்டு அதிகம். அந்த ஒரு புள்ளி வித்தியாசம் பின்னால் பெரும் பாடு படுத்தப்போகிறது.

*

பின்லாந்தின் வானியலாளர்கள் குஸ்தாஃப் யார்னெஃபெல்ட், பால் குஸ்தான்ஹைமோ ஆகிய இருவருக்கும் ஓர் எண்ணம் இருந்தது. இயற்கையை விவரிக்க முடிவிலி உண்மையிலேயே தேவையா? மிகப் பெரிய ஒரு பகா எண்ணைக் கடிகார முகப்பாக எடுத்துக்கொண்டு, நம் கைக்கெட்டும் வெளி அந்த முடிவுறு தளத்தின் ஒரு சிறு மூலை என்று கருதினால் என்ன? அதற்கேற்பப் பகா எண்ணைச் சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுத்தால், அந்த மூலையில் 'பெரியது', 'சிறியது' என்ற வரிசையைக்கூட ஓரளவு மீட்டெடுக்கலாம். இந்தக் கனவு இயற்பியலில் வேர்பிடிக்கவில்லை. ஆனால் முடிவுறு உலகில் வட்டம் என்றால் என்ன என்று அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1949-இல் நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் நடந்த ஸ்காண்டிநேவியக் கணித மாநாட்டில் தங்கள் ஊகத்தை முன்வைத்தார்கள்: ஒற்றைப் பகா எண்ணின்மேல் கட்டிய தளத்தில் ஒவ்வொரு முட்டையும் கூம்பு வெட்டே.

மாநாட்டுத் தொகுப்பு 1952-இல் அச்சானது. அமெரிக்கக் கணித மதிப்புரை இதழில் அதை மதிப்பிட்டவர் மார்ஷல் ஹால். இந்த ஊகம் நம்பத் தகுந்ததாகத் தமக்குத் தோன்றவில்லை என்று அவர் எழுதினார். நியாயமான ஐயம்தான். ஐந்து புள்ளிகள் ஒரு கூம்பு வெட்டை நிர்ணயிக்கின்றன. வரிசை ஏழில் மீதம் மூன்று புள்ளிகளே, அவை ஒழுங்காக அதன்மேல் வந்து விழலாம். வரிசை பத்து லட்சத்தைத் தாண்டும்போது, மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமையாமை என்ற ஒற்றை விலக்கு அத்தனை லட்சம் புள்ளிகளையும் ஒரே இருபடிச் சமன்பாட்டுக்குள் அடைத்துவிடும் என்று யார் நம்புவார்கள்?

அந்த வரிகளைப் படித்தவர்களில் ஒருவர் ரோமில் இருந்த பெனியாமினோ செக்ரே. 1903-இல் டுரினில் பிறந்த யூதர். இருபத்தெட்டு வயதில் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1938-இல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தபோது இத்தாலியப் பல்கலைக்கழகங்களிலிருந்து யூதர் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள்; செக்ரேயும். குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றார். யூதர் என்று இத்தாலி துரத்திய மனிதரை, 1940-இல் இத்தாலி போரில் இறங்கிய காலத்தில், இத்தாலியர் என்ற காரணத்துக்காகப் பிரிட்டன் எதிரிநாட்டவர் முகாமில் அடைத்தது. பிறகு 1942 முதல் மான்செஸ்டரில் கற்பித்தார். 1946-இல் பொலோன்யா திரும்பி, 1950-இல் ரோமில் தன் பழைய ஆசான் ஃபிரான்செஸ்கோ செவேரியின் இடத்துக்கு வந்தார். செவேரி ஃபாசிச ஆட்சிக்கு நெருக்கமானவராக இருந்தவர். அந்த நாற்காலியில் அமர்ந்தபோது செக்ரேயின் மனத்தில் என்ன ஓடியது என்று ஊகிக்க நான் முயலப்போவதில்லை.

அதுவரை செக்ரே இத்தாலிய மரபின் இயற்கணித வடிவியலாளர். வளைவுகளும் பரப்புகளும் அவர் உலகம். ஐம்பது வயதில், மரியாதைக்குரிய வடிவியலாளர்கள் அதிகம் சீண்டாத முடிவுறு தளத்துக்குள் இறங்கினார். 1954-இல் லின்ச்சேய் கழகத்தின் ஏட்டில் இரண்டு பக்கக் குறிப்பாக அறிவித்து, 1955-இல் கனடாவின் கணித இதழில் முழு நிறுவலை வெளியிட்டார். யார்னெஃபெல்ட்டும் குஸ்தான்ஹைமோவும் சொன்னது சரியே. பகா எண் மட்டுமல்ல, ஒற்றைப்படை வரிசையுள்ள எந்த முடிவுறு புலத்தின்மேல் கட்டிய தளத்திலும் ஒவ்வொரு முட்டையும் கூம்பு வெட்டுதான்.

மார்ஷல் ஹாலே இதையும் மதிப்பிட்டார். தமது அவநம்பிக்கை இந்த ஆய்வுக்கு ஒரு தூண்டுதலாக இருந்ததுபோலத் தெரிகிறது, தாம் இனிமேல் வெளியிடும் ஐயங்களும் இப்படிப் பலன் தருமானால் மகிழ்ச்சியே என்ற பொருள்பட எழுதினார். தோற்றவரின் இத்தனை நளினமான மதிப்புரையை நம் இலக்கியச் சூழலில் நான் பார்த்ததில்லை.

*

செக்ரேயின் நிறுவலில் ஒரு கணம் உண்டு. அதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. வரிசை ஏழையே எடுத்துக்கொள்வோம். முட்டையின் எட்டுப் புள்ளிகளில் மூன்றைத் தேர்ந்து முக்கோணமாக்குங்கள். ஒவ்வொரு முனை வழியாகவும் எட்டுக் கோடுகள் செல்லும். இரண்டு முக்கோணத்தின் பக்கங்கள், மீதம் ஆறு. எஞ்சிய ஐந்து முட்டைப் புள்ளிகளுக்குச் செல்பவை ஐந்து. மிஞ்சும் ஆறாவது, தொடுகோடு. இந்த ஆறு கோடுகளுக்கும் ஒன்று முதல் ஆறுவரை எண்கள் உண்டு, சாய்வைப்போல. ஆறையும் பெருக்கினால் 720. ஏழால் வகுத்தால் மீதி 6. கடிகாரக் கணக்கில் அது பூஜ்யத்துக்கு ஒன்று குறைவு, அதாவது கழித்தல் ஒன்று. எந்தப் பகா எண்ணுக்கும் இப்படியே வரும் என்பது வில்சன் பெயரால் வழங்கும் பழைய தேற்றம்.

இப்போது எஞ்சிய ஐந்து புள்ளிகளில் ஒன்றைப் பாருங்கள். மூன்று முனைகளிலிருந்தும் அதற்குச் செல்லும் மூன்று கோடுகளின் எண்களைப் பெருக்கினால் ஒன்று வரும். ஒரே புள்ளியில் சந்திக்கும் கோடுகளைப் பற்றிய சேவாவின் தேற்றம் அது. ஆகவே மொத்தப் பெருக்கலில் ஐந்து புள்ளிகளும் தடயமின்றிக் கரைந்துவிடுகின்றன. மிஞ்சுவது மூன்று தொடுகோடுகளின் பெருக்கல் மட்டுமே. அது கழித்தல் ஒன்றை மூன்று முறை பெருக்கியது, அதாவது கழித்தல் ஒன்று. வடிவியல் மொழியில் அதன் பொருள்: மூன்று தொடுகோடுகளும் எதிர்ப்பக்கங்களைச் சந்திக்கும் புள்ளிகள் ஒரே கோட்டில் விழுகின்றன. பாஸ்கலின் தேற்றத்தின் ஒடுங்கிய வடிவம் இதுவேதான். கூம்பு வெட்டுக்கே உரியதென்று நாம் நினைத்திருந்த குணம், எண்களை வெறுமே பெருக்கியதில் முட்டைக்குள்ளிருந்து எழுந்து வருகிறது. அங்கிருந்து சமன்பாட்டுக்குச் செல்லும் பாதை குறுகியது.

இரட்டைப்படை வரிசையில் என்ன ஆகிறது? அங்கே கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும் ஒரே எண். பெருக்கல் ஒன்று என்றால் சேவாவின்படி மூன்று தொடுகோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. எந்த மூன்றை எடுத்தாலும் அப்படியே. ஆக முட்டையின் எல்லாத் தொடுகோடுகளும் ஒரே மையப் புள்ளியில் குவிகின்றன. இதை 1952-இலேயே மற்றொரு பின்லாந்துக்காரர், பெர்ட்டில் க்விஸ்ட், வேறு வழியில் கண்டிருந்தார். அந்த மையத்தையும் முட்டையோடு சேர்த்துக்கொள்ளலாம். போஸ் சொன்ன அதிகப்படியான புள்ளி அதுதான்.

*

முடிவிலாத் தளங்களுக்குத் திரும்புவோம். கடிகாரத்தில் எண்ணிக்கை செய்த வேலையை அங்கே இடத்தியல் செய்கிறது: புள்ளி சற்றே நகர்ந்தால் கோடும் சற்றே நகரும் என்ற தொடர்ச்சி. 1932-இல் கல்மகோரவ், தேசார்க்கின் தேற்றம் செல்லுபடியாகும் தளத்தின் மேல் இந்தத் தொடர்ச்சியையும், இடைவெளியில்லாமையையும் நிபந்தனையாக வைத்தால் மெய்யெண், கலப்பெண், ஹாமில்டனின் குவாட்டர்னியன் என்ற மூன்றைத் தவிர வேறு எண்கள் அதற்கு ஆயங்களாக முடியாது என்று காட்டினார். அவருக்குக் கைகொடுத்தது, பதின்மூன்று பதினான்கு வயதில் பார்வையை இழந்த பொன்ட்ரியாகின் அதே ஆண்டு நிறுவிய தேற்றம். ஆக்டோனியன் என்ற எட்டுப் பரிமாண எண்களின் தளம் தேசார்க்குக்குக் கட்டுப்படாதது. 1933-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரூத் மூஃபாங் அத்தகைய தளங்களின் வடிவியலை எழுதினார். 1937-இல், பெண் என்பதால், நாஜி ஆட்சியின் கல்வி அமைச்சகம் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க அனுமதி மறுத்தது. போர் முடியும்வரை க்ருப் ஆலையில் வேலை பார்த்தார். செக்ரேயின் கதையோடு இதையும் சேர்த்துப் படிக்கும்போது, அரூபமான தளங்களின் வரலாறு எவ்வளவு ரூபமான கதவுகளால் அடைபட்டிருந்தது என்று தோன்றுகிறது.

ஐம்பதுகளின் இறுதி முதல் ஹெல்முட் ஸால்ட்ஸ்மனும் அவருடைய மாணவர்களும் இந்த இடத்தியல் தளங்களை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார்கள். பரிமாணம் முடிவுறுமானால் அது 2, 4, 8, 16 என்ற நான்கில் ஒன்றாகவே இருக்க முடியும் என்று 1983-இல் லோவன் நிறுவினார். ஆறு பேர் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட நூல் அறுநூறு பக்கங்களுக்கு மேல்.

இந்தத் தளங்களில் முட்டைகள் எப்படி இருக்கும்? ஓர் எச்சரிக்கை: முடிவிலாத் தளத்தில் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போய், எந்தத் தொடர்ச்சியும் இல்லாத புழுதிபோன்ற முட்டைகளையும் கட்டிவிட முடியும். அவற்றை விலக்க, முட்டை மூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்கவேண்டும். எல்லைப் புள்ளிகள் தப்பிப்போகக் கூடாது. 1979-இல் தாமஸ் புக்கானன் கலப்பெண் தளத்துக்கான விடையைக் கண்டார். அங்கே மூடிய முட்டை ஒவ்வொன்றும் கூம்பு வெட்டே. செக்ரேயின் தேற்றத்துக்கு இது உடன்பிறப்பு.

காரணம் செக்ரேயுடையதைவிடவும் எளிமையானது. எனக்குக் கேட்டால் இன்னும் அழகானது. முட்டையின் ஒரு தொடுகோட்டைத் தொடுவானமாக ஆக்கிவிடுங்கள். மிச்ச முட்டை, கலப்பெண்களின்மேல் ஒரு சார்பின் வரைபடமாகப் பரந்துவிடும். அதில் ஒரு புள்ளியை நிறுத்தி, மற்றப் புள்ளிகளுக்குச் செல்லும் கோடுகளின் சாய்வைப் பாருங்கள். மறுபுள்ளி நெருங்கி வரும்போது வெட்டுக்கோடு தொடுகோட்டில் சென்று சேரும். முட்டை மூடியது என்பதன் பயன் அது. ஆகவே சார்பு வகையிடத்தக்கது. கலப்பெண் உலகில் எங்கும் வகையிடத்தக்க சார்பு என்பது அநேகமாகக் கைகால் கட்டப்பட்ட ஒன்று. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமையாது என்பதால் எந்தச் சாய்வும் இருமுறை வராது. கலப்பெண் தளம் முழுவதிலும் வகையிடத்தக்கதாய், எந்த மதிப்பையும் இருமுறை எடுக்காத சார்பு முதற்படிச் சார்பாகவே இருக்க முடியும். சாய்வு முதற்படி என்றால் வளைவு இரண்டாம்படி. அதாவது பரவளையம், கூம்பு வெட்டு. மெய்யெண்களில் இதே வாதம் கடைசிப் படிவரை வழுவாமல் வந்து, அங்கே நின்றுவிடுகிறது. ஏறிக்கொண்டே போகும் எந்த மெய்யெண் சார்பும் மதிப்பைத் திருப்பிச் சொல்வதில்லை, அத்தகையவை எண்ணற்றவை. கோழி முட்டை நுழைவது அந்தப் படியில்தான்.

அடுத்த ஆண்டே புக்கானன், ஹேல், லோவன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதை முடித்துவைத்தது. பரிமாணம் 8 அல்லது 16 உள்ள தளங்களில் மூடிய முட்டைகளே கிடையாது. குவாட்டர்னியன், ஆக்டோனியன் தளங்கள் முட்டையிடுவதில்லை. மெய்யெண்களில் கணக்கற்றவை, கலப்பெண்களில் கூம்பு வெட்டு மட்டும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

*

இரட்டைப்படை வரிசைத் தளங்களை நடுவில் விட்டுவிட்டேன். அங்கே மையத்தைச் சேர்த்துக்கொண்டு, வேறொரு புள்ளியை நீக்கினால், மிஞ்சுவதும் முட்டையே. வரிசை எட்டிலேயே அப்படிக் கிடைக்கும் ஒன்பது புள்ளிகள் கூம்பு வெட்டாக அமைவதில்லை. 1957-இல் செக்ரே இன்னும் விநோதமான குடும்பங்களைக் கண்டெடுத்தார். 1958-இல் மிலான் பொறியியல் கல்லூரியின் கணினியைக் கொண்டு லுனெல்லியும் ஷேவும் வரிசை பதினாறில் 18 புள்ளிகளின் ஓர் அமைப்பைக் கண்டார்கள். எந்தக் கூம்பு வெட்டிலிருந்தும் அதைப் பெற முடியாது; 144 சமச்சீர்கள் கொண்டது. வேறு ஏதேனும் அங்கே ஒளிந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, இல்லை, கூம்பு வெட்டிலிருந்து பிறப்பதும் இதுவும் ஆக இரண்டே என்று 1975-இல் கணினி உதவியுடன் விடை சொன்னவர் மார்ஷல் ஹால். வரிசை 32-க்கான பட்டியல் தொண்ணூறுகளிலும், 64-க்கானது 2019-இலும் முடிந்தன. 128-இலிருந்து மேலே பட்டியல் இன்னும் முழுமையாகவில்லை.